காரின் ஏசி ஃபில்டர் எங்கே இருக்கிறது, எப்படி மாற்றுவது? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் சொந்தபந்தத்தில் ஆளாளுக்கு ஒரே புலம்பல்தான்: "ஏசி போட்டா காத்தே வரமாட்டேங்குது, கேஸ் போடணுமா?" நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியின் புண்ணியத்தில் மாமா வண்டி, சித்தப்பா வண்டி, எதிர்வீட்டு அண்ணன் வண்டி என்று பல கார்களின் டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். முக்கால்வாசி வண்டிகளில் கேஸ் நன்றாகத்தான் இருந்தது. அழுக்கேறிய ஒரு காகித மடிப்புதான் காற்றை மறித்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கேபின் ஃபில்டர் என்றால் பானட்டுக்குள் இருக்கும் ஏர் ஃபில்டர்தானே?

இல்லை, இரண்டும் வேறு. பானட்டைத் திறந்தால் தெரியும் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது இன்ஜினுக்கான ஏர் ஃபில்டர். கேபின் ஃபில்டர் நமக்கானது. கடையில் 'ஏசி ஃபில்டர்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சல்லடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். வெளிக்காற்று அது வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. ப்ளோயர், அதாவது ஏசிக் காற்றைத் தள்ளும் விசிறி, இழுக்கும் காற்று இந்த ஃபில்டரைத் தாண்டித்தான் கூலிங் காயிலுக்குப் போகிறது, அங்கே குளிர்ந்து முகத்துக்கு வருகிறது. ஆக, ஃபில்டர் காப்பாற்றுவது நம் மூக்கை மட்டுமில்லை, கூலிங் காயிலையும்தான். காயிலில் தூசி அப்பிக்கொண்டால் டாஷ்போர்டையே இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஃபில்டர் விலை டீக்காசு.

சரி, என் காரில் அது எங்கே இருக்கிறது?

நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இடதுபக்க முன் சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால். மாருதி ஸ்விஃப்ட், பலேனோ, ஹூண்டாய் ஐ20, கிரெட்டா, ஹோண்டா சிட்டி, டொயோட்டா இனோவா எல்லாம் இந்த வகைதான். ஃபோக்ஸ்வேகன் போலோ மாதிரி சில கார்களில் பெட்டியைக் கழற்ற வேண்டாம். அதே பக்கம் கால் வைக்கும் இடத்தில் தலையைக் குனிந்து மேலே பார்த்தால் ஒரு மூடி இருக்கும். அதைத் தள்ளினால் ஃபில்டர் கீழ்நோக்கி இறங்கும். இன்னும் சில வண்டிகளில் பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டை நீக்கி எடுக்க வேண்டும்.

வண்டியோடு கொடுத்த கையேட்டில் 'ஏர் கண்டிஷனர் ஃபில்டர்' அல்லது 'கேபின் ஃபில்டர்' என்ற தலைப்பில் படத்தோடு போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அதே பெட்டிக்குள்தான் கிடக்கும்.

என் வண்டியில் ஃபில்டரே இல்லை என்று மெக்கானிக் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

உண்மையாகவே இருக்கலாம். விலை குறைந்த மாடல்கள், பழைய மாடல்கள் சிலவற்றில் ஃபில்டர் உட்காரும் இடத்தை விட்டுவைத்திருப்பார்கள், ஃபில்டர் மட்டும் இருக்காது. மூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்து, பக்கவாட்டில் வழிகாட்டிக் கோடுகள் இருந்தால், அதே காரின் மேல் மாடலுக்கான ஃபில்டர் பொருந்த வாய்ப்பு உண்டு. சில வண்டிகளில் அந்த இடத்தையே பிளாஸ்டிக்கால் அடைத்திருப்பார்கள். அதை அறுத்துத்தான் திறக்க வேண்டும் என்றால் நீங்களே கத்தி எடுக்காதீர்கள், ஏசி வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஃபில்டர் அடைத்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேஸ் குறைந்ததா, ஃபில்டரா?

இந்த வித்தியாசம் தெரியாமல் நானே காசைக் கொட்டியிருக்கிறேன். என் முதல் கார், மூன்றாவது வருஷம், அக்கினி நட்சத்திரம். ப்ளோயரை நாலில் வைத்தாலும் பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "கேஸ் இறங்கிருச்சு சார்" என்றார்கள். போட்டார்கள், பணமும் வாங்கினார்கள். வீடு வருவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த மச்சான் பெட்டியை இறக்கி, அந்தச் செவ்வகத்தை உருவினார். மடிப்புகளுக்குள் காய்ந்த வேப்பிலை, வேப்பம்பூ, ஒரு பூரான் ஓடு. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி. "இதுக்குள்ள காத்து எப்படி மாப்ளே வரும்?" என்றார். நான் தினமும் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அன்று அவர் சொன்ன கணக்கு இது. காற்று வேகமாக வருகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரசர், முன்பக்க ஃபேன் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். காற்றே குறைவு, ஆனால் வருகிற கொஞ்சமும் சில்லென்று இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். காற்று ரொம்பக் குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டி, இருந்த காற்றும் நின்றுபோகும். ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் திரும்ப வரும். அப்போது வண்டிக்கடியில் தண்ணீர் நிறையச் சொட்டும்.

நிச்சயம் பண்ண ஒரு சோதனை: ஃபில்டரை உருவிவிட்டு, அதே வேகத்தில் ப்ளோயரை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். காற்று பிய்த்துக்கொண்டு வந்தால் குற்றவாளி கையில்தான் இருக்கிறான்.

இன்னொன்று. கார் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் 'டாப் அப்' என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பொதுவாகச் சொல்வது 15,000 முதல் 20,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. தூசி அதிகமான ஊர் என்றால் அதற்கும் முன்னால். கையேட்டிலேயே 'தூசி நிறைந்த சாலைகளில் சீக்கிரம் மாற்றவும்' என்ற தொனியில் ஒரு வரி இருக்கும். அந்த வரி நமக்காகவே எழுதினது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், மாசத்தைத்தான் பார்க்கிறேன். தை, மாசியில் மேலூர்ப் பக்கம் அறுவடை. தார் ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி இறங்கும்போது பறக்கும் சுணை அப்படியே உள்ளே போகும். கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனால் கண்ணாடியில் மாவு பூசின மாதிரி ஆகிவிடும். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும், சித்திரையில் பூ கொட்டும். அப்புறம் ஆடிக்காற்று. வைகையில் தண்ணீர் இல்லாத வருஷம் என்றால் ஆற்று மணலும் சேர்ந்து வரும்.

அதனால் என் கணக்கு: பங்குனிக் கடைசியில், வெயில் ஏறுவதற்குமுன் புதுசு போடுவது. ஆடி முடிந்ததும் ஒருமுறை உருவிப் பார்ப்பது. ஐப்பசி மழைக்குமுன் ஃபில்டர் சுத்தமாக இருந்தால் கண்ணாடியில் பனி படிவதும் சீக்கிரம் விலகும், ஏனென்றால் அதை விலக்குவது ஏசியின் காற்றுதான். டவுனுக்குள் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் மட்டும் ஓட்டுகிறவர், மூடிய ஷெட்டில் நிறுத்துகிறவர் என்றால் வருஷம் ஒன்று போதும். வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

நானே மாற்றலாமா? எப்படி?

தாராளமாக. முதல் தடவை அரைமணி நேரம் ஆகும், அடுத்த தடவை பத்து நிமிடம். டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வகைக்குச் சொல்கிறேன்.

இன்ஜினையும் ப்ளோயரையும் அணைத்துவிடுங்கள். பெட்டியைக் காலி செய்யுங்கள்: ஆர்சி, இன்சூரன்ஸ், அழகர்கோவில் பிரசாதப் பொட்டலம், ஐந்து வருஷத்து டோல் ரசீது எல்லாம். கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கொட்டுகிற குப்பையை மிதியடியிலிருந்து எடுக்கவே தனியாக உட்கார வேண்டும்.

பெட்டியைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பல கார்களில் ஒருபக்கம் மெல்லிய கயிறோ சின்னக் கைப்பிடியோ பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது பெட்டி தடாலென்று விழாமல் மெதுவாக இறங்குவதற்கானது. அதை முதலில் கழற்றுங்கள். மறந்துவிட்டு இழுத்தால் உடைவது அதுதான். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால், தடுப்பு நழுவி, பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். ஹூண்டாய் மாதிரி சில வண்டிகளில் உள்ளே இரண்டு பக்கமும் குமிழ் போல ஒரு தடுப்பு இருக்கும், அதைத் திருகி உருவ வேண்டும். சிலவற்றில் ஸ்க்ரூ. எதுவானாலும் பலத்தைக் காட்டாதீர்கள். வருஷக்கணக்கில் மதுரை வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், பொட்டென்று போய்விடும். பெட்டி வரவில்லை என்றால் நீங்கள் பார்க்காத தடுப்பு ஒன்று இருக்கிறது என்று பொருள்.

உள்ளே மஞ்சள் நிற ஒயரோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர்.

பெட்டி இறங்கியதும் நேரே நீளவாக்கில் ஒரு மூடி தெரியும், ஓரங்களில் கிளிப் இருக்கும். அமுக்கி எடுத்தால் ஃபில்டரின் விளிம்பு தெரியும். இழுக்கும்முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு வீட்டில் விவாதம் நடக்காது. ஃபில்டரை ஆட்டாமல், சாய்க்காமல், மெதுவாக நேராக இழுங்கள். சாய்த்தால் மேலே உட்கார்ந்திருக்கும் இலையும் தூசியும் ப்ளோயருக்குள் கொட்டி, ஏசி போடும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் கேட்கும். சில கார்களில் ஃபில்டர் இரண்டு துண்டாக இருக்கும், ஒன்றை எடுத்ததும் இன்னொன்று இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

காலி இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுசைச் செருகுங்கள். மடங்காமல், ஓரத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மூடி 'டக்' என்று பொருந்தினால் சரி. பெட்டியை மாட்டி, கயிற்றைக் கோத்து, ப்ளோயரைப் போட்டுப் பாருங்கள்.

அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஃபில்டரின் விளிம்பில் 'ஏர் ஃப்ளோ' என்று எழுதி ஓர் அம்பு இருக்கும். காற்று போகும் திசையை அது காட்ட வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வகையில் பெரும்பாலும் காற்று மேலிருந்து கீழே இறங்கும், அதனால் அம்பு கீழ்நோக்கி. ஆனால் சில ஃபில்டர்களில் அம்போடு 'அப்' என்று மட்டும் எழுதியிருக்கும். அது காற்றின் திசை இல்லை, 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்கான குறி. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். குழப்பம் வந்தால் பழைய ஃபில்டரைப் பாருங்கள், அழுக்கு அப்பியிருக்கும் பக்கம்தான் காற்று நுழையும் பக்கம்.

தலைகீழாகப் போட்டுவிட்டால் வண்டி ஒன்றும் வெடித்துவிடாது. ஆனால் பல ஃபில்டர்களில் ஒருபக்கம் தளர்வாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருக்கும். திருப்பிப் போட்டால் சீக்கிரம் அடைக்கும்.

தட்டி, காற்றடித்துத் திரும்பப் போட்டால் போதாதா? கழுவலாமா?

இலையும் குப்பையும் விழத் தட்டலாம். ஒரு தடவை மெதுவாகக் காற்றடித்தும் போடலாம், அழுக்குப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. பஞ்சர் கடையில் குழாயை ஒட்டிவைத்துப் பீய்ச்சினால் இழை பிய்ந்து, பார்வைக்குச் சுத்தமாகவும் வேலைக்கு ஆகாததாகவும் ஆகிவிடும். நுண்ணிய தூசி எப்படி அடித்தாலும் முழுசாக வெளியே வராது. கழுவக்கூடியது என்று அட்டையில் எழுதாத ஃபில்டரைக் கழுவவே கழுவாதீர்கள். ஈரம் காயாமல் போட்டால் பூஞ்சை பிடித்து, வண்டிக்குள் ஈரச் சாக்கு வாடை அடிக்கும்.

எதை வாங்குவது? என்ன விலை?

சாதாரண ஃபில்டர் சிறிய கார்களுக்குச் சுமார் 200 முதல் 500 ரூபாய்க்குள் வரும். கார்பன் வைத்தது அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கம்பெனி ஒரிஜினல் வாங்கலாம், போஷ், மான் மாதிரி ஃபில்டர் செய்கிற கம்பெனிகளுடையதும் வாங்கலாம். கடைக்குப் பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துப் போங்கள், அல்லது மாடலும் வருஷமும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த காரில்கூட மாடல் மாறினால் அளவு மாறும். "கொஞ்சம் மடிச்சு விட்டா உக்காந்துரும்ணே" என்று கடைக்காரர் சொன்னால், வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகவே போகும், ஃபில்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கார்பன் ஃபில்டருக்கு அதிகம் கொடுப்பது பிரயோஜனமா?

சாதாரண ஃபில்டர் தூசி, மகரந்தம் போன்றவற்றைப் பிடிக்கும். வாடையைப் பிடிக்காது. கார்பன் ஃபில்டரில் இருக்கும் கரி, புகைவாடை, சாக்கடை வாடை போன்றவற்றைக் கொஞ்சம் உறிஞ்சும். கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் தினமும் பஸ் சைலன்சருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கிராமத்து ரோட்டில் புழுதி மட்டும்தான் பிரச்சினை என்றால் சாதாரணமானதை வாங்கி அடிக்கடி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கரி நிரம்பிவிட்டால் அதன் பிறகு வாடை பிடிப்பதும் நின்றுவிடும்.

'பிஎம் 2.5' என்று அட்டையில் போட்டு விற்கிறவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானதுமான துகள்களைப் பிடிப்பதற்கானவை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு சின்னது என்று புரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் யோசிக்கலாம்.

எந்த ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது உயிருக்கு ஆபத்து, எவ்வளவு விலை கொடுத்து ஃபில்டர் வாங்கியிருந்தாலும்.

உள்சுற்றுக் காற்றில் (வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளே இருப்பதையே சுற்றவிடுவது) வைத்து ஓட்டினால் ஃபில்டர் அழுக்காகாதுதானே?

மெதுவாக அழுக்காகும், அவ்வளவுதான். பெரும்பாலான கார்களில் உள்சுற்றுக் காற்றும் இதே ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. லாரிக்குப் பின்னால், குப்பை எரியும் இடத்தில் உள்சுற்று நல்லது. ஆனால் நாலுவழிச் சாலையில் நாலு பேரோடு மணிக்கணக்கில் அப்படியே ஓட்டினால் உள்ளே காற்று கெட்டு, ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும். நடுநடுவே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கிறது. என்ன செய்வது?

தெருவில் நிறுத்துகிற வண்டிகளில் இது சகஜம். ஃபில்டரைக் கடித்துப் பஞ்சாக்கி, நம் செலவிலேயே மெத்தை போட்டுக்கொள்ளும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் இதை மட்டும் அலட்சியமாகச் செய்யாதீர்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கிய பிறகே எடுங்கள். காய்ந்தபடியே தட்டினால் அந்தத் தூசி மூச்சில்தான் ஏறும். ப்ளோயரைப் போட்டு ஊதித் தள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஒயர் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நாஃப்தலின் உருண்டையை வைப்பருக்குக் கீழே போடும் வழக்கம் உண்டு. எலி போகிறதோ இல்லையோ, வாடை முழுக்க வண்டிக்குள் வரும். வண்டிக்குள் சாப்பிட்ட முறுக்குத் தூளைக் கூட்டித் தள்ளுவதே பாதி வைத்தியம்.

புதுசு போட்டும் ஏசி போட்டவுடன் புளித்த வாடை வருகிறதே?

அப்படியென்றால் கூலிங் காயிலில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். முன் சீட்டு மிதியடி ஈரமாக இருந்தால் அதுதான். வீடு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்து, ப்ளோயரை ஓடவிடுங்கள், காயில் காயும். கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டித் தொங்கவிட்டு வாடையை மறைக்கிற சித்தப்பா ஒருவர் எனக்கு உண்டு. இரண்டு வாடையும் சேர்ந்து வருவதை அவரிடம் யார் சொல்வது?

இதனால் மைலேஜ் கூடுமா?

கூடாது. இந்த ஃபில்டருக்கும் இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கும் சம்பந்தமில்லை.

சர்வீஸ் பில்லில் 'ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று இருக்கிறது. உண்மையிலேயே மாற்றினார்களா?

மாற்றும்போது மார்க்கர் பேனாவால் ஃபில்டர் விளிம்பில் தேதி எழுதிவிடுங்கள். அடுத்த சர்வீஸ் முடிந்து வண்டி வந்ததும் பெட்டியை இறக்கிப் பார்த்தால், உங்கள் கையெழுத்தே உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வண்டி விடும்போதே "பழசை எடுத்து வைங்க, நான் பார்க்கணும்" என்று சொல்லிவிடுவது இன்னும் சுலபம்.

புதுசு வரும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டலாமா?

இரண்டொரு நாள் ஓட்டலாம், டவுனுக்குள். புழுதி ரோட்டில் வேண்டாம், இலை நேராக ப்ளோயரில் போய் விழும். எங்கள் மாமா ஒருவர் அந்த இடத்தில் பழைய பனியன் துணியை மடித்து வைத்திருந்தார். துணியை ப்ளோயர் இழுத்துச் சுற்றிக்கொண்டு, மோட்டாரே மாற்ற வேண்டிவந்தது.